வலி தெரியாமலா படுத்திருக்கிறார்? தீவிர சிகிச்சைப் பிரிவில் வலி மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐ.சி.யு.வில் பணியாற்றும் செவிலியர்களுக்கு வலி மதிப்பீடு குறித்து வகுப்பெடுக்கும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில, பயிற்சிக்கு வரும் மாணவிகள் கேட்டவை. சில, ஐ.சி.யு. கதவுக்கு வெளியே பாய் விரித்துக் காத்திருக்கும் உறவினர்கள் கேட்டவை. மருந்தையும் அளவையும் முடிவுசெய்பவர் மருத்துவர்தான். இங்கே வரும் நேரங்களும் எண்களும் பொதுவானவை.

மயக்கத்தில் கிடப்பவருக்கு வலி தெரியுமா?

தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வலிக்கு ஒரு வரையறை தந்தது. அதை 2020இல் திருத்தி வெளியிட்டபோது, ஒருவரால் வலியைச் சொல்ல முடியவில்லை என்பதால் அவருக்கு வலி இல்லை என்றாகிவிடாது என்று குறிப்பிலேயே எழுதிவைத்தது.

'செட்யேஷன் (தூங்கவைக்கும் மருந்து) ஓடிக்கொண்டிருக்கிறதே, வலி மருந்து எதற்கு?' என்பது வகுப்பில் எழும் அடுத்த கேள்வி. மிடாசோலமும் புரோபோஃபாலும் தூங்கவைக்கும், வலியை எடுக்காது. வலியோடு தூங்கவைக்கப்பட்டவர் முகத்தைச் சுளிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடப்பார், அவ்வளவுதான். 2018இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் முதலில் வலியைக் கவனி, பிறகு மயக்கத்தைப் பற்றி யோசி என்ற வரிசையைத்தான் சொல்கிறது.

நம் ஊர்ப் பக்கம் அடிக்கடி பார்க்கும் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரத்தில் இரவில் தரையில் படுத்துறங்கியவரைக் கட்டுவிரியன் கடித்துவிடுகிறது. கடிவாயில் பெரிய வீக்கமோ எரிச்சலோ இருப்பதில்லை. விடியும்போது இமை சரிகிறது, பேச்சு குழறுகிறது, கொஞ்ச நேரத்தில் மூச்சும் திணறுகிறது. வென்டிலேட்டரில் போட்ட பிறகு இமையைத் திறக்க மாட்டார், கையைக் கிள்ளினாலும் அசைக்க மாட்டார். பார்ப்பவர் கோமா என்றே முடிவுகட்டுவார். ஆனால் அந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத்தான் தடுக்கிறது. தொடுவுணர்ச்சியையும் காதையும் அது தொடுவதில்லை. தலைமாட்டில் நின்று 'இது தேறுமா?' என்று நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். தமனியில் ஊசி குத்துவது முழுசாக வலிக்கும். விரல் நுனியில் கொஞ்சம் அசைவு மிஞ்சியிருந்தால், அதையே ஆம், இல்லை சொல்லப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால், ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்று காதருகே சொல்லிவிட்டு, வலி மருந்தையும் உறுதிசெய்துகொண்டு தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இயல்பாக இருந்தால் வலி இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. நீண்ட நேரம் வலியிலேயே இருக்கும் உடம்பு அதற்குப் பழகிக்கொண்டு, எண்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிக்கு வலித்தாலும் துடிப்பு ஏறாமலே இருக்கலாம். மறுபக்கம், காய்ச்சல், ரத்த இழப்பு, அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடுவது என்று துடிப்பும் அழுத்தமும் ஏற ஆயிரம் காரணங்கள் உண்டு. மானிட்டர் அடிப்பது வாசல் மணி. வந்திருப்பது யார் என்று கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இந்த எண்களை மட்டும் வைத்து வலியை மதிப்பிடக் கூடாது, மதிப்பீட்டைத் தொடங்குவதற்கான தூண்டுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று மேலே சொன்ன 2018 வழிகாட்டுதலும் தெளிவாகச் சொல்கிறது.

பேசக்கூடிய நோயாளியிடம் 0 முதல் 10 வரை சொல்லச் சொன்னால் விழிக்கிறார்களே?

விழிக்கத்தான் செய்வார்கள். 'உங்கள் வலிக்குப் பத்தில் எத்தனை மதிப்பெண்?' என்று மேலூர்ப் பக்கத்துப் பாட்டியிடம் கேட்டால், 'நான் பள்ளிக்கூடமே போனதில்லையே தாயி' என்று பதில் வரும். ஆனால் அதே பாட்டி 'முக்கால்வாசி குறைந்துவிட்டது, கால்வாசிதான் இருக்கிறது' என்று தானாகச் சொல்வார். கால், அரை, முக்கால், முழுசு என்பது நம் மக்களுக்குச் சந்தையிலும் சமையலறையிலும் பழகிய அளவு. பத்து ரூபாயில் எத்தனை ரூபாய் வலி என்று கேட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. இவை ஆய்வில் சோதிக்கப்பட்ட அளவுகோல்கள் என்று சொல்ல மாட்டேன். எண்ணைப் புரியவைக்க உதவும் படிக்கட்டுகள். ஒரு நோயாளிக்கு எந்த முறையைத் தொடங்கினோமோ அதையே எல்லா ஷிப்டிலும் பின்பற்ற வேண்டும். காலையில் ரூபாய், இரவில் முகப்படம் என்றால் குறைந்ததா கூடியதா என்று யாருக்கும் தெரியாது.

மூச்சுக்குழாய் போட்டிருந்தாலும் விழித்திருப்பவரிடம் கேட்க முடியும். 0 முதல் 10 வரை பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையைக் கண்ணெதிரே பிடித்து விரலால் தொடச் சொல்லலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாயால் மட்டும் கேட்பதைவிட இப்படிக் காட்டிக் கேட்பது நன்றாக வேலை செய்கிறது. முதலில் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் வெளியே மகனின் சட்டைப்பையில் இருக்கும்.

எந்தச் சொல்லில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 'வலி இருக்கிறதா?' என்றால் 'பரவாயில்லை' என்பார்கள். 'திரும்பிப் படுக்கும்போது எங்கே பிடிக்கிறது? இருமினால் குத்துகிறதா, எரிகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா?' என்று கேட்டால்தான் விவரம் வரும். பொங்கல் நாட்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் பலத்த காயமடைபவர்கள் ராஜாஜி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவது வழக்கம். வயிற்றில் கொம்பு இறங்கிய இளைஞர், பார்க்க வந்த நண்பர்கள் முன்னால் வலி என்று வாயைத் திறக்க மாட்டார். அவர்கள் போன பிறகு, குரலைத் தாழ்த்தித் தனியாகக் கேட்க வேண்டும்.

சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர் 'எட்டு' என்கிறார். நம்புவதா?

நம்புவதுதான் வேலை. அமெரிக்கச் செவிலியர் மார்கோ மெக்காஃபரி 1968இலேயே, வலி என்பது அதை அனுபவிப்பவர் சொல்வதுதான், அவர் இருக்கிறது என்றால் இருக்கிறது என்று எழுதிவிட்டார். பிறகு அவரும் பெட்டி ஃபெரெல் என்பவரும் சேர்ந்து 1987இல் செவிலியர்களின் வலி பற்றிய அறிவையும் மனப்பான்மையையும் அளக்க ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். அதில் புகழ்பெற்ற இரண்டு நோயாளிகள் உண்டு: ஆண்ட்ரூ, ராபர்ட். இருவருக்கும் வயது 25, இருவருக்கும் நேற்று வயிற்றில் அறுவை, இருவருக்கும் ரத்த அழுத்தம் 120/80, துடிப்பு 80. ஆண்ட்ரூ பார்க்க வந்தவரோடு சிரித்துப் பேசுகிறார். ராபர்ட் அசையாமல் படுத்து முகத்தைச் சுளிக்கிறார். இருவரும் தங்கள் வலி எட்டு என்கிறார்கள். குறிப்பேட்டில் எத்தனை என்று எழுதுவீர்கள்?

சரியான விடை இருவருக்கும் எட்டு. ஆனால் உலகம் முழுவதும் இந்த வினாத்தாளை எழுதிய செவிலியர்களில் பலர் ராபர்ட்டுக்கு எட்டு போட்டுவிட்டு, ஆண்ட்ரூவுக்கு மட்டும் குறைத்தே போடுகிறார்கள். வகுப்பில் இதை நான் முருகன், பாண்டி என்று பெயர் மாற்றிக் கொடுப்பதுண்டு. ஆண்ட்ரூவின் இடத்தில் வரும் பாண்டிக்கு ஐந்து போட்டவரிடம் ஏன் என்று கேட்டால், 'செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறாரே' என்பார். வலியை மறக்கத்தான் செல்போனைப் பார்க்கிறார் என்பது தோன்றுவதே இல்லை. அழுகிறவருக்குத்தான் வலி என்ற எண்ணம் நமக்குப் பயிற்சிப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே ஊறிப்போனது. அளவுகோலைக் கற்றுக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். இந்தச் சந்தேகத்தை எடுப்பதற்குத்தான் நாளாகும்.

பேச முடியாதவருக்கு சி.பி.ஓ.டி. என்கிறார்களே, அதை எப்படிப் போடுவது?

சி.பி.ஓ.டி. (Critical-Care Pain Observation Tool) என்பது தீவிர சிகிச்சை நோயாளியைக் கவனித்தே வலியை மதிப்பிட கனடாவின் செவிலியர் ஆய்வாளர் செலின் ஜெலினா 2006இல் வெளியிட்ட அளவுகோல். நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 8.

முதலில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். தொடக் கூடாது, பேசக் கூடாது. அந்த ஒரு நிமிடம் பழகாதவருக்கு நெடுநேரமாகத் தோன்றும். முகத்தைப் பாருங்கள்: தளர்வாக இருந்தால் 0, புருவம் இறங்கி நெற்றி சுருங்கி, கண்ணைச் சுற்றி இறுகியிருந்தால் 1, இவற்றோடு கண்ணை இறுக மூடிக்கொண்டால், குழாயைக் கடித்தால் 2. பிறகு உடல் அசைவு: அசையாமல் இயல்பாகக் கிடந்தால் 0, காயத்தின் மேல் கையை வைத்துக்கொள்வது, தடவுவது, மெல்ல மெல்ல எச்சரிக்கையாக நகர்வது 1, குழாயைப் பிடுங்குவது, எழ முயல்வது, காலை உதைப்பது 2. மூன்றாவது வென்டிலேட்டர்: மூச்சு இணங்கிப் போனால் 0, இருமல் வந்து அலாரம் அடித்துத் தானாக அடங்கினால் 1, கருவியோடு மல்லுக்கட்டினால் 2. குழாய் எடுத்தவராக இருந்தால் இதற்குப் பதில் குரல்: பெருமூச்சு, முனகல் 1, கதறல், தேம்பல் 2.

தசை இறுக்கத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குக் கையைத் தொட்டு மடக்கி நீட்டியாக வேண்டும். தொடுவதே ஒரு தூண்டல். தடையில்லாமல் மடங்கினால் 0, எதிர்த்தால் 1, மடக்கவே முடியாத அளவுக்கு முறுக்கிக்கொண்டால் 2.

மொத்தம் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் வலி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும். இங்கே ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. சி.பி.ஓ.டி. 3 என்றால் 'எட்டில் மூன்றுதானே, லேசான வலி' என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த எண் வலி எவ்வளவு என்று சொல்வதில்லை. வலியின் அடையாளங்கள் எத்தனை தெரிகின்றன என்று சொல்கிறது. நோயாளி தன் வாயால் சொல்லும் பத்துக்கு மூன்றும் இந்த மூன்றும் ஒன்றல்ல.

பி.பி.எஸ். என்று இன்னொன்றும் இருக்கிறதே?

அதுவும் நடத்தையைப் பார்த்து வலியை மதிப்பிடும் அளவுகோல்தான் (Behavioral Pain Scale), பிரான்சில் ழான் பிரான்சுவா பாயெனின் குழு 2001இல் வெளியிட்டது. முகம், கைகள், வென்டிலேட்டரோடு இணக்கம் என்று மூன்று. ஒவ்வொன்றும் 1 முதல் 4 வரை. ஆகவே குறைந்தபட்சமே 3, அதிகபட்சம் 12. ஐந்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய வலி. இரண்டும் நல்ல அளவுகோல்கள்தான், உங்கள் பிரிவில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் வெறும் '3' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். பி.பி.எஸ்.ஸில் 3 என்றால் வலியின் அடையாளமே இல்லை, சி.பி.ஓ.டி.யில் 3 என்றால் மருந்து கொடுக்க வேண்டும். அளவுகோலின் பெயர் இல்லாத எண்ணால் அடுத்த ஷிப்ட் செவிலியருக்கு ஒரு பயனும் இல்லை.

தலைக்காயத்துக்கும் இதே முறையா?

ஹெல்மெட் இல்லாமல் இருசக்கர வாகனத்தில் போய் விழுந்து நான்குவழிச் சாலையிலிருந்து 108இல் வருபவர்கள் நம் பிரிவுகளில் எப்போதும் இருப்பார்கள். மூளையில் அடிபட்டவர்களிடம் நெற்றிச் சுருக்கமும் முகச் சுளிப்பும் குறைவாகவே தெரியும். திடீரென்று கண் திறப்பது, கண்ணீர் வடிவது, முகம் சிவப்பது, கையை மடக்குவது ஆகியவைதான் அவர்கள் காட்டும் அடையாளங்கள். ஜெலினாவின் குழுவே இதற்கெனத் தனி வடிவம் ஒன்றை உருவாக்கியது. எண் குறைவாக வந்தால் வலி இல்லை என்று இவர்களிடம் துணிந்து சொல்லக் கூடாது.

தசை தளர்த்தி மருந்து ஓடும்போது?

எந்த அளவுகோலும் செல்லாது. முகம், கை, மூச்சு எல்லாமே மருந்தின் பிடியில் இருக்கின்றன. வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்றவற்றைத் தொடங்குவதற்கு முன்பே போதிய வலி மருந்தும் ஆழ்ந்த மயக்கமும் இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். கண்ணீர், வியர்வை, திடீரென ஏறும் துடிப்பு ஆகியவற்றைக் கண்டால் உடனே சொல்லுங்கள்.

நாங்கள் செய்யும் வேலைகளில் எது அதிகம் வலிக்கிறது?

ஊசி என்றுதான் பலர் சொல்வார்கள். கேத்லீன் புன்டில்லோ தலைமையில் நடந்து 2001இல் வெளிவந்த பெரிய ஆய்வு 6,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் அனுபவத்தைப் பதிவு செய்தது. ஆறு வேலைகளை ஒப்பிட்டார்கள். பெரியவர்களுக்கு அதிகம் வலித்தது, நாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யோசிக்காமல் செய்யும் வேலை: ஒருக்களித்துத் திருப்பிப் படுக்கவைப்பது. பிறகு 28 நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், மார்புக் குழாயை உருவுவது, காயத்தின் வடிகுழாயை எடுப்பது, தமனியில் ஊசிக்குழல் போடுவது ஆகியவை முன்னணியில் வந்தன.

படுக்கைப்புண் வராமல் காக்கத் திருப்பித்தான் ஆக வேண்டும். கேள்வி, எப்போது, எப்படி என்பதுதான். ஃபென்டனில், மார்பின் இரண்டும் வலுவான வலி மருந்துகள். ஃபென்டனில் சிரை வழியே போன ஓரிரு நிமிடத்தில் வேலையைத் தொடங்கும். மார்பின் தொடங்கவே ஐந்து, பத்து நிமிடம் ஆகும், முழு வீச்சுக்கு வர இருபது நிமிடம் வரை பிடிக்கும். மார்பினைக் கொடுத்த கையோடு 'வா, திருப்பிவிடலாம்' என்று ஆளைக் கூப்பிட்டால், மருந்து வலிக்குப் பின்னால் வந்து சேரும். வலி வரப்போகிறது என்று தெரிந்த வேலைக்கு மருந்து முன்கூட்டியே போக வேண்டும்.

தீக்காயத்துக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். பட்டாசு ஆலை விபத்துகளில் சிவகாசி, சாத்தூர்ப் பக்கமிருந்து மதுரைக்குக் கொண்டுவரப்படுபவர்களுக்குக் கட்டுப் பிரிக்கும் நேரம்தான் நாளின் மிகக் கொடிய நேரம். கெட்டமின் போன்ற மருந்துகளோடு மயக்கவியல் மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை அது. 'கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணே' என்று சொல்லிக்கொண்டே உரிக்கும் வேலை அல்ல.

மார்பின் கொடுத்தால் பழக்கமாகிவிடாதா?

வகுப்பில் அதிகம் விவாதிக்கப்படுவது இதுதான். மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பல நாள் கொடுத்த பிறகு அதே அளவுக்குப் பலன் குறைவது ஒன்று. திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வருவது இரண்டாவது; படிப்படியாகக் குறைத்தால் அதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கேடு விளையும் என்று தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவது மூன்றாவது. அடிமைத்தனம் என்பது அது மட்டும்தான். அறுவைக்குப் பின் சில நாள் கண்காணிப்பில் மருந்து பெறுபவர்களில் இது அரிது. ஊசிக்கான நேரம் வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்க்கிறவரை 'பழகிவிட்டார்' என்று சொல்லாதீர்கள். கொடுத்த அளவு போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

அமெரிக்காவைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் உண்டு. அங்கே 1990களின் நடுவில் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, வெப்பம் ஆகியவற்றோடு வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கொண்டாடினார்கள். மார்பின் வகை வலி மாத்திரைகள் வீடுவீடாகப் போய்ப் பெரும் நாசம் விளைந்த பின், 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்தப் பெயரைக் கைவிடச் சொன்னது. அந்தப் பாடம் தேவைதான். ஆனால் அங்கே சிக்கல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரை. இங்கே சிக்கல், ஐ.சி.யு.வுக்குள் மானிட்டரோடு படுத்திருப்பவருக்கும் மருந்து எட்டாமலிருப்பது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு, மார்பினுக்கு மூலமான அபினி விளையும் நாட்டில்தான் இந்த நிலை.

சட்டத்துக்கும் பயப்படுகிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, மார்பின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியமானவை என்று தனியாக வகைப்படுத்தப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அவற்றை வாங்கி வைத்துக்கொள்வது முன்பைவிட எளிதாயிற்று. பூட்டிய அலமாரி, பதிவேடு, மீதி மருந்தைக் கொட்டும்போது இன்னொருவர் கையெழுத்து ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்ததை எழுதியபடி கொடுத்துப் பதிந்த செவிலியர் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

மார்பினால் மூச்சு நின்றுவிட்டால் யார் பொறுப்பு?

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சைக் கருவி பார்த்துக்கொள்கிறது. அங்கே இந்தப் பயத்துக்கு இடமே குறைவு. தானாகச் சுவாசிப்பவருக்குத்தான் கவனம் தேவை. மூச்சு குறைவதற்கு முன்னால் அநேகமாகத் தூக்கக் கலக்கம் கூடும். எழுப்பினால் பேச்சின் நடுவிலேயே கண் சொருகினால் அடுத்த அளவை நிறுத்திவைத்து மருத்துவரை அழையுங்கள். மார்பினுக்கு மாற்று மருந்தான நாலக்சோன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ட்யூட்டி தொடங்கும்போதே பார்த்துவையுங்கள். வயதானவருக்கு மருந்தே வேண்டாம் என்பது தவறு. சிறிய அளவில் தொடங்கிக் கவனித்து ஏற்ற வேண்டும். மலச்சிக்கல் வரும் என்பதை மறந்துவிடுகிறோம். அதற்கு முதல் நாளே மருந்து கேளுங்கள்.

உண்மையான வலியா என்று பார்க்க உப்புநீர் ஊசி போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. உண்மையான வலி உள்ளவருக்கும் வெறும் நீரால் கொஞ்ச நேரம் குறையக்கூடும். அதனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. அது நோயாளியை ஏமாற்றுவதும் ஆகும்.

ஒரு நோயாளியைப் பார்க்கவே நேரமில்லை. இதில் அளவுகோல் வேறா?

வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது ஏட்டில் இருக்கிறது. இரவு ட்யூட்டியில் ஒருவர் இரண்டு மூன்று பேரைப் பார்ப்பது நடக்கிறது. ஆள் பற்றாக்குறையை அளவுகோலால் தீர்க்க முடியாது. ஆனால் பழகிய கைக்கு சி.பி.ஓ.டி. இரண்டு நிமிட வேலை, அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். திருப்பும்போது, சளி உறிஞ்சும்போது, கட்டு மாற்றும்போது எப்படியும் படுக்கையருகே நிற்கிறோம். அப்போது முன்னால் ஒருமுறை, செய்யும்போது ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு ஷிப்டுக்கு நான்கு முறையாவது பார்ப்பது நல்ல இலக்கு. வலி அடங்காத நோயாளி இரவெல்லாம் அலாரம் அடித்து எடுத்துக்கொள்ளும் நேரத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை.

எண்ணை எழுதிவைக்கிறோம். டாக்டர் கண்டுகொள்ளவில்லையே?

எப்படிச் சொல்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். 'நான்காம் படுக்கை கொஞ்சம் அமைதியில்லாமல் இருக்கிறார் டாக்டர்' என்றால், நள்ளிரவில் வரும் பதில் இரண்டுதான்: மிடாசோலம் கொடுங்கள், கையைக் கட்டிவிடுங்கள். வலியால் துடித்தவரைக் கட்டிப்போட்டுத் தூங்கவைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'டாக்டர், நான்காம் படுக்கை, வயிற்று அறுவை முடிந்து இரண்டாம் நாள். அசையாமல் இருக்கும்போதே சி.பி.ஓ.டி. 4, திருப்பினால் 6. பாராசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரமாகியும் குறையவில்லை. விழித்திருக்கிறார், சொன்னால் புரிந்துகொள்கிறார். வலிக்கு ஏதாவது எழுதித் தருகிறீர்களா?' இதற்கு இல்லை என்று சொல்வது கடினம். சொன்ன நேரத்தையும் கிடைத்த பதிலையும் எழுதிவையுங்கள்.

இதைவிட நல்லது, எந்த எண்ணுக்கு எந்த மருந்து, எத்தனை நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது என்று மருத்துவர்களும் செவிலியர்களும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட்ட ஒரு நெறிமுறை. அது இல்லாத பிரிவில் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், எண்ணைக் கட்டத்தில் நிரப்பும் எழுத்து வேலையாகத்தான் அது முடியும். செவிலியருக்கு அறிவு போதவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கையில் அதிகாரம் இல்லாதவர் கற்றதை எங்கே பயன்படுத்துவார்?

மருந்து தவிர வேறு என்ன செய்யலாம்?

மருந்தோடு சேர்த்துச் செய்யலாம். மருந்துக்குப் பதிலாக அல்ல. மார்புக் குழாயை எடுப்பதற்கு முன் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் சுற்றிலும் வைப்பது உதவும். மென்மையாகப் பிடித்துவிடுவதும் பிடித்த பாட்டைக் கேட்கவைப்பதும் உதவும் என்று 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. பாட்டு அவருக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், ட்யூட்டி அறைக்குப் பிடித்ததாக அல்ல. இழுத்துக்கொண்டிருக்கும் குழாயைச் சரியாக ஒட்டுவது, இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்வது இரண்டுக்கும் செலவே இல்லை.

வெளியே காத்திருக்கும் நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

நிறைய. உங்கள் அப்பாவுக்கு வலித்தால் என்ன செய்வார் என்று எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நாக்கை மடித்துக் கடிப்பாரா, பேச்சை நிறுத்திவிடுவாரா, கோபப்படுவாரா? பழைய மூட்டுவலி, முதுகுவலி உண்டா, அதற்கு என்ன மாத்திரை சாப்பிட்டார்? குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை முடிவுசெய்ய அது தேவை, நாங்கள் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பார்வை நேரத்தில் உள்ளே வரும்போது முகம் வழக்கம்போல் இல்லை என்று தோன்றினால் 'சிஸ்டர், அவருக்கு வலிக்கிறது போலத் தெரிகிறது' என்று தயங்காமல் சொல்லுங்கள். பேச முடியாதவரின் வலியை மதிப்பிடுவதில் குடும்பத்தினர் பங்கெடுக்கலாம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், எந்தக் கையில் ஊசி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் வகுப்புக்கு முன் ஒரு வினாத்தாள், வகுப்பு முடிந்த ஏழாம் நாள் அதே வினாத்தாள், மதிப்பெண் கூடியது, ஆகவே பயிற்சி பயனுள்ளது என்று முடிக்கும் ஆய்வுகள் ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கின்றன. வகுப்பெடுத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். ஃபெரெல், மெக்காஃபரி வினாத்தாளையே பயன்படுத்துவதானாலும், தமிழில் பெயர்த்து, ஆண்ட்ரூவையும் ராபர்ட்டையும் நம் வார்டுக்கு ஏற்றபடி மாற்றி, முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள்.

பிறகு பதில்களை விட்டுவிட்டுக் கேஸ் ஷீட்டுகளை எடுங்கள். வலி மருந்து கொடுத்த ஒவ்வொரு இடத்திலும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: கொடுப்பதற்கு முன் ஓர் எண் இருக்கிறதா, அளவுகோலின் பெயர் இருக்கிறதா, மருந்து வேலை செய்ய வேண்டிய நேரத்துக்குப் பின் இரண்டாவது எண் இருக்கிறதா. மூன்றாவது கட்டம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும். பயிற்சிக்கு மூன்று மாதம் கழித்து அதே கட்டத்தைத் திரும்பப் பாருங்கள். இரவு ஷிப்டைத் தனியாகக் கணக்கெடுங்கள். நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள், அதற்கு நாளாகும்.